கையெழுத்துப் போடாதவர்கள் சுமக்கும் சமாதானம்

தேர் எந்தத் தெரு வழியாக வருவது, பிணத்தை எந்தப் பாதையில் எடுத்துப்போவது, கொடிக்கம்பத்தை எங்கே நடுவது, கூழ் வார்க்கும் விழாவில் யாருக்கு முதல் மரியாதை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஊர்த்தெருவும் காலனியும் முட்டிக்கொள்வதற்கு இவற்றில் ஒன்று போதும். கல் பறந்த மறுநாள் ஊர் முனையில் போலீஸ் வேன் நிற்கும். அதற்கடுத்த நாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. நடுநாயகமாக வட்டாட்சியர், பக்கத்தில் துணைக் கண்காணிப்பாளர், சுவரோரம் வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும், எதிரெதிரே இரு தரப்பு முக்கியஸ்தர்கள். இரண்டு மூன்று மணி நேரம் குரல் ஏறி இறங்கிய பிறகு ஒரு தாளில் நான்கைந்து நிபந்தனைகள் தட்டச்சாகும். கீழே இரு தரப்பும் கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்துகளில் பெண் பெயர் அபூர்வம். பெண்கள் வெளியே மரத்தடியில் காத்திருப்பார்கள். உள்ளே என்ன முடிவானது என்பதை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வரும் ஆண்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விழாவை இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், ஒலிபெருக்கி கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது, சட்டம் ஒழுங்குக்குப் பங்கம் வரக் கூடாது. எல்லாம் அடுத்த ஒரு வாரத்துக்கான ஏற்பாடு. ஆனால் சண்டை நடந்த கிராமத்தில் அறுந்துபோவது வேறு. காலனிப் பெண்களை நடவுக்குக் கூப்பிடுவது நின்றுபோகும். மளிகைக் கடையில் கடன் நோட்டை மூடிவிடுவார்கள். பால் ஊற்றும் இடத்தில் ஒரு வரிசை இரண்டாகும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே புத்தி சொல்லி அனுப்புவார்கள். காலங்காலமாகப் புல் அறுத்த வரப்பில் ஒருநாள் முள் போட்டிருக்கும். இவை எதுவும் அந்தத் தாளில் ஏறுவதில்லை. ஏனென்றால் இவற்றைத் தினமும் கையாள்கிறவர்கள் அந்த மேசைக்கு அழைக்கப்படவில்லை. என் வாதம் இதுதான்: சண்டை போட்டவர்களை மட்டும் கூப்பிட்டுச் சமாதானம் எழுதுகிறோம், அந்தச் சமாதானத்தை வயலிலும் கடையிலும் குழாயடியிலும் நடத்திக்கொடுக்க வேண்டியவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். எழுதிய சமாதானம் அடுத்த ஆடியைத் தாண்டாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்த வட்டாரத்தின் பழங்கதையிலேயே இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஆரோவிலை ஒட்டிய இரும்பையில் இருப்பது மாகாளேசுவரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். அங்கே வழங்கிவரும் கடுவெளிச் சித்தர் கதை இப்பகுதியில் பலரும் அறிந்தது. தவத்தில் இருந்த சித்தரைக் கலைக்க மன்னன் ஆடல் மகள் ஒருத்தியை அனுப்புகிறான். பின்னொரு நாள் கோயில் விழாவில் அவள் ஆடும்போது கால் சிலம்பு கழன்று விழுகிறது. ஆட்டம் கெட்டுவிடக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டிவிடுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தர் சினந்து பாட, லிங்கம் மூன்றாக வெடிக்கிறது, ஊர் வறண்டுபோகிறது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, வெடித்த லிங்கத்தைச் செப்புப் பட்டையால் பொதிந்து சேர்த்தார்கள் என்பார்கள். கதையை ஒருமுறை நிறுத்திக் கேட்டால் ஒன்று உறைக்கும். சண்டை மூண்டது ஒரு பெண்ணின் காலடியில். அந்தச் சிரிப்பில் அவமானப்பட்டவள் அவளும்தான். ஆனால் சமாதானம் மன்னனுக்கும் சித்தருக்கும் இடையிலேயே பேசி முடிந்துவிடுகிறது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவள் என்ன ஆனாள் என்பதைக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதும் இல்லை.

வரலாறும் அதே தடத்தில்தான் போயிருக்கிறது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கடைத்தெருவில் தலித் பெண் ஒருவரைச் சீண்டியதும் அதைத் தட்டிக்கேட்டதும் அந்தக் கலவரத்தின் தொடக்கமாகப் பதிவாகியிருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. ஒரு பெண் தானே தேர்ந்துகொண்ட திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆறு மாதம் ஆவதற்குள், 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை விழாவுக்குப் போன கூட்டத்தையொட்டி மரக்காணத்தில் மோதல் வெடித்தது. காலனி வீடுகள் கொளுத்தப்பட்டன, இரண்டு பேர் இறந்தார்கள். தலித் இளைஞர்கள் காதலிப்பதாக நடிக்கிறார்கள் என்று பழிசொல்லும் ‘நாடகக் காதல்’ என்ற சொல் அந்த மாதங்களில் வட தமிழகத்து மேடைகள் எங்கும் சுற்றியது. நம் வீட்டுப் பெண்களின் மானம் என்று பேசியே கூட்டத்தைச் சூடேற்றினார்கள். எரிந்த வீட்டின் சாம்பலைக் கிளறி ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழையும் தேட வேண்டிய வேலை பெண்களுடையதாயிற்று. மேடையில் பேசுபொருளாக இருப்பவர்கள், சாலை மறியலில் போலீசுக்கு எதிரே முன்வரிசையில் உட்கார வைக்கப்படுகிறவர்கள், பேச்சுவார்த்தை என்று வந்தால் மட்டும் காணாமல் போகிறார்கள்.

அண்மைக் காலத்து உதாரணம் மேல்பாதி. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊரின் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில், திருவிழாவின்போது, தலித் இளைஞர்கள் போனார்கள், தாக்கப்பட்டார்கள். அதிகாரிகள் முன்னிலையில் பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது, ஒன்றும் முடிவாகவில்லை. ஜூன் 7 அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆவது பிரிவின்படி கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச் 22 அன்று கோயில் திறந்தது, ஆனால் பூசை செய்யப் பூசாரி மட்டும் உள்ளே போனார். 2025 ஏப்ரல் 17 அன்றுதான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே சென்று வணங்கினார்கள். முழுதாக இரண்டு ஆண்டுகள். கோயிலுக்குள் போகும் உரிமையில் பேரம் பேச எதுவும் கிடையாது. அரசமைப்புச் சட்டமும், அதற்கு முன்பே வந்த 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டமும் அதை முடித்துவைத்துவிட்டன. நீதிமன்றம் அந்த உரிமையை நிலைநாட்டியது சரியே, அதை வரவேற்கிறேன். ஆனால் கோயிலின் பூட்டைத்தான் நீதிமன்றம் திறக்க முடியும். கோயிலுக்கு வெளியே அந்த இரண்டு ஆண்டுகளில் விழுந்த பூட்டுகளை யார் திறப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்தக் கருவறையில் இருப்பவள் யார் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்த்தலம் என்று செஞ்சியை அடுத்த மேலச்சேரியைச் சொல்வார்கள். இந்த மாவட்டத்தோடு நெருக்கமான தெய்வம் அவள். தெருக்கூத்தில் துகிலுரிதல் இரவைப் பார்க்காமல் வளர்ந்த கிராமத்துப் பெண் இந்தப் பக்கம் அரிது. அங்கே அவள் அழுவது மட்டும் இல்லை, சட்டக் கேள்வி ஒன்றைக் கேட்கிறாள்: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்து அது, முக்கியஸ்தர்களுக்குக் குறைவில்லை. விகர்ணனையும் விதுரனையும் தவிர யாரும் அவள் பக்கம் நின்று பேசவில்லை. இதே மண்ணுக்குப் பக்கத்தில், புதுச்சேரியில், பாரதி எழுதிய பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது; அவரை உலுக்கியதும் அந்தச் சபையின் மௌனம்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வராத சபையிலிருந்து கிளம்பியதுதான் போர். பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனனின் மண்ணுருவம் மல்லாந்து கிடக்க, அவிழ்த்த கூந்தலை அவள் முடிக்கிறாள். அதே களத்தில் ஒப்பாரியும் எழுகிறது. இப்படியொரு கதையைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற மாவட்டத்தில், அந்தத் தெய்வத்தின் வாசலைப் பற்றிய பேச்சும் ‘இரு தரப்பு முக்கியஸ்தர்கள்’ என்ற பழைய வட்டத்துக்குள்ளேயே நடந்ததாகத்தான் செய்திகளில் படித்தோம்.

பெண் என்றாலே பொறுமை, தாய்மை, இரக்கம், ஆகவே சமாதானத்துக்கு ஏற்றவள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு. நான் சொல்வது அவர்கள் நிற்கும் இடத்தைப் பற்றி. ஊர்த்தெரு ஆணும் காலனி ஆணும் சேர்ந்து உட்காரும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. டீக்கடை பிரிந்துவிட்டது, கட்சிக் கொடி பிரிந்துவிட்டது, இளைஞர்களின் கிரிக்கெட் குழுகூடத் தெருவாரியாகத்தான். பெண்களுக்கு அப்படி இல்லை. நடவிலும் களையெடுப்பிலும் இரு தெருப் பெண்களும் ஒரே வயலில் குனிகிறார்கள். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட மனித நாட்கள் பெண்களுடையவை. ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் அவர்கள் செய்த வேலையைச் சேர்த்து அளந்துதான் கூலி போடுகிறார்கள். பக்கத்தில் வெட்டுகிறவள் கை ஓய்ந்தால் தன் கூலியும் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் தண்ணீர்க் குடம் இரண்டாக இருக்கும் இடங்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காலை முதல் மாலை வரை ஒரே மர நிழலில் சோற்றுத் தூக்கைத் திறக்கிறவர்களுக்கு ஒருவர் வீட்டு நிலவரம் மற்றவருக்குத் தெரிகிறது. அந்த அறிவு வட்டாட்சியர் அலுவலகத்துக் கோப்பில் கிடைக்காது.

மகளிர் சுய உதவிக் குழுக்களை இதைவிடவும் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு இன்று ஒவ்வொரு தெருவுக்கும் வந்துவிட்டது. குழு பெரும்பாலும் தெருவாரியாக அமைவதால் அது ஒரே சாதிக் குழுவாக இருந்துவிடுகிறது. ஆனால் அதற்கு மேலே ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கே எல்லாத் தெருக் குழுக்களின் பிரதிநிதிகளும் வர வேண்டும். ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஒரே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, எந்தக் குழுவுக்கு எவ்வளவு கடன், யார் தவணை தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்று பேச வேண்டும். காலனிக் குழு கட்டாவிட்டால் ஊர்த்தெருக் குழுவுக்கும் சேர்த்துத்தான் கூட்டமைப்பின் பெயர் கெடும். சாதி கலந்து உட்கார்ந்து பணத்தைப் பற்றி நேருக்கு நேர் பேசும் பழக்கம் கிராமத்தில் வேறு எந்த அமைப்புக்கு இருக்கிறது? ஆரோவிலைச் சேர்ந்த கிராமப் பணி அமைப்பு ஒன்று இரும்பையிலிருந்தே சுற்றுக் கிராமங்களின் மகளிர் குழுக்களைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்துவருகிறது. சேமிப்பு, கடன், தையல் பயிற்சி என்று இந்தக் குழுக்களிடம் அரசும் தொண்டு நிறுவனங்களும் எத்தனையோ வேலைகளைக் கொடுத்திருக்கின்றன. ஊர் எரியும்போது மட்டும் இவர்களைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வடகிழக்கில் தங்குல் நாகர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் பிறந்து இன்னொரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைப் புக்ரைலா என்பார்கள். இரு கிராமங்களுக்கும் போர் மூண்டால் இடையில் போய் நிற்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவள்மேல் எந்தப் பக்கமும் ஆயுதம் வைக்கக் கூடாது. பிறந்த வீடும் புகுந்த வீடும் இரண்டு பக்கமும் இருப்பதால் அவள் பாலமாகிறாள். நம் ஊரிலும் ஒரே சாதிக்குள் நடக்கும் பங்காளிச் சண்டையில் பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்று பேசித் தீர்ப்பது இதே போன்றதுதான். ஆனால் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் இடையில் அந்தப் பாலம் கட்டப்படவே இல்லை, கட்ட முயன்ற இளம் ஜோடிகளுக்கு என்ன நடந்தது என்பதைத் தருமபுரி சொல்லும். ஆகவே நம்மிடம் மிஞ்சியிருப்பது உறவுப் பாலம் இல்லை, வேலைப் பாலம். நாகாலாந்திலிருந்தும் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1984இல் தொடங்கிய நாகா தாய்மார் சங்கம் ரத்தம் சிந்தியது போதும் என்று ஆயுதக் குழுக்களிடம் நேரில் போய்ப் பேசியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதே பெண்கள் நகராட்சியில் 33 சதவீத இடம் கேட்டபோது 2017இல் மாநிலமே கொந்தளித்தது, முதலமைச்சர் பதவி விலகும் அளவுக்குப் போனது. அந்த ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது 2024 ஜூனில்தான். தாய் என்று கும்பிடுவதும் நாற்காலி கொடுப்பதும் ஒன்று இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாற்காலி கொடுத்தால் என்ன மாறும்? பேசும் விஷயம் மாறும். வட அயர்லாந்தில் 1996இல் கத்தோலிக்கப் பெண்களும் புராட்டஸ்டன்ட் பெண்களும் சேர்ந்து ‘மகளிர் கூட்டணி’ என்ற கட்சியைச் சில வாரங்களில் உருவாக்கித் தேர்தலில் நின்றார்கள். ஒரு சதவீத வாக்குதான் கிடைத்தது. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் மோனிகா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சேகரும் உட்கார அது போதுமானதாக இருந்தது. ஆயுதம், கைதிகள், எல்லை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பாதிக்கப்பட்டவர்களின் நிலை என்ன, பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பள்ளி, இரு பிரிவினரும் கலந்து வாழும் குடியிருப்பு என்று இவர்கள் கேட்டார்கள். 1998 ஏப்ரல் 10இன் ஒப்பந்தத்தில் அந்தச் சொற்கள் ஏறின. பெண்களை அமைதிப் பேச்சில் சேர்க்க வேண்டும் என்ற ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆவது தீர்மானம் வந்தது அதற்குப் பிறகு, 2000 அக்டோபரில். நாடுகளுக்கு இடையிலான போர்களைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தத் தீர்மானத்தை மேற்கோள் காட்டுகிறோம். வட்டாட்சியர் அலுவலகம் வரை அது இன்னும் வரவில்லை.

சொந்தச் சமூகத்துக்குள்ளேயே இடம் பிடிக்காமல் இன்னொரு சமூகத்தோடு பேசப் போக முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். அதற்கும் தமிழ்நாட்டிலேயே வழிகாட்டி இருக்கிறது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், தன் மணமுறிவைப் பற்றிப் பேசும் ஜமாத்துக்குள்கூடப் பெண் போக முடியாத நிலையைப் பார்த்து, பெண்களே கூடிப் பேசும் ஜமாத்தை உருவாக்கினார். சீதனம், ஜீவனாம்சம், அடி உதை என்று ஆண்களின் ஜமாத்தில் குடும்ப விவகாரம் என்று தள்ளப்பட்டவை அங்கே வழக்காயின. எதிர்ப்பு வந்தது, மிரட்டல் வந்தது. ஆனாலும் ஆண்களின் ஜமாத்துகளும் காவல் நிலையங்களும் அந்தப் பெண்களோடு பேச வேண்டிய நிலையை அது உருவாக்கியது. முதலில் தனியாக உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்குத்தான் பொது மேசையில் குரல் எழும்பும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். ஊர்த்தெருப் பெண்கள், காலனிப் பெண்கள் இருவருக்குமே இது பொருந்தும்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். பெண்களிடம் சாதி இல்லையா? உண்டு. இரட்டைக் குவளையைக் கழுவி வைக்கும் கை பல இடங்களில் பெண்ணின் கைதான். மகன் யாரோடு விளையாடலாம், மகள் யாரோடு பேசலாம் என்பதை முதலில் சொல்லிக்கொடுப்பதும் வீட்டுக்குள்தான். கோயில் நுழைவுக்கு எதிரான போராட்டங்களில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றிய காட்சிகளைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. இதை மறுத்துவிட்டு என் வாதத்தை நிறுவ முயன்றால் அது நிற்காது. ஆனால் இந்த மறுப்பே என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. சாதியை வீட்டுக்குள் அன்றாடம் நடத்துகிறவர்கள் பெண்கள் என்றால், அவர்கள் சம்மதிக்காத சமாதானத்துக்கு என்ன ஆயுள்? கணவன் வட்டாட்சியர் முன் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். மாமியார் குவளையைத் தனியே வைத்தால் அந்தக் கையெழுத்து அன்று மாலையே செத்துவிடும். நல்லவர்கள் என்பதற்காகப் பெண்களைக் கூப்பிடச் சொல்லவில்லை. பொறுப்பு அவர்களிடம் இருப்பதால், பதில் சொல்ல வேண்டியவர்களாகவும் அவர்களைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. தலித் இயக்கங்கள் வைப்பது. சமாதானம் என்ற சொல்லையே அவர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். சமாதானம் என்றால் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று அர்த்தம், பெண்களை உள்ளே கொண்டுவந்தால் ‘போனது போகட்டும், நம் பிள்ளைகள் வாழ வேண்டும்’ என்று பேசவைத்துக் காலனிப் பெண்களின் வாயாலேயே வழக்கைக் கொன்றுவிடுவார்கள் என்கிறார்கள். இந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. 2015 ஜூனில் கடலூர் மாவட்டத்துப் பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜூலை முதல் தேதி மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்ற உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. நீதிபதிகளுக்குச் சமரசத்தின் எல்லையைக் காட்டியது ஓர் ஏழைப் பெண்ணின் மறுப்பு. எனவே கோடு தெளிவாக இருக்க வேண்டும். அடித்தது, எரித்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவானது, பெண்ணின் உடல் மேல் நடந்தது எதுவும் அந்த மேசைக்கு வரக் கூடாது. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான் கூட்டமே நடக்க வேண்டும். வழக்கு நீதிமன்றத்தில் அதன் போக்கில் நடக்கட்டும். வழக்கு நடக்கும் ஐந்தாறு ஆண்டுகளும் இரு தெருக்காரர்களும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மேசை.

மூன்றாவது மறுப்பை வெறும் சாக்கு என்று ஒதுக்கலாம், ஆனால் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன். பெண்ணை உட்காரவைத்தால் அவள் கணவன்தானே பேசுவான் என்கிறார்கள். 2016இல் உள்ளாட்சியில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்த மாநிலம் இது. விழுப்புரத்தில் அந்த ஒதுக்கீட்டோடு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. தலைவரின் கணவர் நாற்காலியில் உட்காரும் ஊராட்சிகள் இருப்பது உண்மை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படத்தை 2020இல் நாடே பார்த்தது. அப்படி உட்காரவைத்தவர்கள் மீது சட்டம் பாய்ந்ததும், அந்தத் தலைவர் நாற்காலியை விட்டுப் போகாததும் அதே கதையின் பகுதிதான். பறிக்கப்படுகிறது என்பதற்காகப் பதவியை ஒழிப்பதில்லை, பறிப்பதைத்தான் தடுக்கிறோம். அமைதிக் கூட்டத்தில் தடுப்பது இன்னும் சுலபம். ஆண்கள் இல்லாமல் ஓர் அமர்வு நடத்தினாலே போதும்.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் இல்லை. அமைதிக் கூட்டத்துக்கு அனுப்பும் அழைப்பில் இரு தரப்பிலும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை போடலாம். அந்தப் பெண்களை முக்கியஸ்தர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்தும், நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளர்களிலிருந்தும், அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களிலிருந்தும் வர வேண்டும். முதலில் காலனிப் பெண்களோடு தனியாக, பிறகு ஊர்த்தெருப் பெண்களோடு தனியாக, அதன்பின் சேர்த்து. இடம் காவல் நிலையமாக இல்லாமல் பள்ளிக்கூடமாக இருக்கட்டும். நேரம் நடவு வேலை முடிந்த பிறகாக இருக்கட்டும், அன்றைய கூலி போனால் யாரும் வரமாட்டார்கள். தாளில் ஒலிபெருக்கிக்குக் கீழே வேலை, பாதை, தண்ணீர், பால், பள்ளி பற்றியும் வரிகள் ஏற வேண்டும், யார் பொறுப்பு என்ற பெயரோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. அந்தத் தாளை அதன் முன் வைத்து, சொன்னது நடந்ததா என்று கேட்கலாம். கல் பறந்த பிறகு கூடுவதற்குப் பதிலாக, சித்திரைக்கும் ஆடிக்கும் ஒரு மாதம் முன்பே கூடலாம். எந்தத் தெருவில் எந்தப் பையன் என்ன பேசிக்கொண்டு திரிகிறான், சாராயம் எங்கிருந்து வருகிறது என்பது உளவுப் பிரிவுக்குத் தெரிவதற்கு முன்பே அம்மாக்களுக்கும் அக்காமார்களுக்கும் தெரியும். கேட்டால் சொல்வார்கள், சொன்னவள் பெயர் வெளியே போகாது என்ற உறுதியோடு கேட்க வேண்டும்.

கடற்கரைக் குப்பங்களுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. சுருக்குமடி வலைக்காகக் குப்பத்துக்குக் குப்பம் மோதிக்கொள்வது இந்தக் கரையில் புதிது இல்லை. மீனவப் பஞ்சாயத்தில் பெண்ணுக்கு இடம் இல்லை. ஆனால் எல்லாக் குப்பத்து மீனையும் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு வருகிறவர்கள் பெண்கள். கடலில் மூளும் சண்டையில் முதலில் நின்றுபோவது அவர்களுடைய வியாபாரம்.

மேல்பாதியில் பூட்டுத் திறந்தாகிவிட்டது. இனி வரும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்தக் கோயில் முன்னால் பொங்கல் வைக்க அடுப்புகள் வரிசையாக மூட்ட வேண்டியிருக்கும். காலனிப் பெண்ணின் அடுப்பு எங்கே, ஊர்த்தெருப் பெண்ணின் அடுப்பு எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது எந்த நீதிமன்ற உத்தரவிலும் இருக்காது. அடுப்புக்கான மூன்று கல்லையும் கொண்டுவந்து வைக்கப் போகிற பெண்கள் திருவிழாவுக்கு முன்பாக ஒருமுறையாவது எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அதற்கான அழைப்புக் கடிதத்தை எழுத வேண்டியவர் கோட்டாட்சியர்.